பழமும் பயமும்

ரெமிங்டன் மெஷினில் அடித்த அந்தத் தாளில் பதினாறு வார்த்தைகள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்தில். வலப்பக்கம் அதன் பொருள். வா, உட்கார், சாப்பிடு, தூங்கு, கை கழுவு, அழாதே என்று ஆரம்பித்து, தண்ணீர், பால், பழம், பசி, வலி, பயம் என்று முடியும். அடித்தது நான்தான். 1983-ல் மெட்ராஸில் ஒரு குழந்தைகள் ஹோமில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் தடங்கலில்லாமல் வரும் என்பதால், தத்தெடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வரும்போதெல்லாம் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு மொழிபெயர்க்கப் போவேன். அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. ஹோமின் பெயர் இங்கே வேண்டாம்.

கைக்குழந்தை என்றால் எனக்கு வேலையே இல்லை. ஆயாம்மா தூக்கிக் கொடுப்பார், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளை என்றால்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்த வயதில் பிள்ளைக்கு ஒரு மொழி இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது, ஒரு கணக்கும் இருக்கிறது: யார் எனக்குச் சோறு போடுவார்கள், யார் என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று.

அன்றைக்கு வந்தவர்கள் டென்மார்க் தம்பதி. கார்டியன்ஷிப் ஆர்டர் ஏற்கெனவே கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது, பிள்ளையும் பெற்றோரும் ஒருவரையொருவர் பார்ப்பது மட்டும். ஃபைலில் ஏழு வயது என்று இருந்த அந்தப் பெண், தலையில் எண்ணெய் வழிய, புது கவுனோடு ஆயாம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். வந்திருந்த அம்மாள் தரையில் மண்டியிட்டு ஒரு பொம்மையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு திரும்பி, வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டாள். ஹோமில் எந்தப் பொருளும் ஒருத்தருக்கு என்று கிடையாது. அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது. பரிசைப் பிள்ளை மறுத்துவிட்டாள் என்று நினைத்தார். நான் விளக்கியிருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

மாலையில் எழும்பூர் பக்கம் ஓர் ஓட்டலில் மூவரையும் கொண்டுபோய் விட்டேன். டாக்ஸியில் அவள் என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி வைத்திருந்தாள். அறையில் சாமான்களை வைத்துவிட்டு, தாளை அந்த அம்மாளிடம் கொடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டினேன். "காலைல வரேன், சமத்தா இரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்கப் பிள்ளை "பயம், பயம்" என்று அழுதாளாம். தாளைப் பார்த்தார்களாம், அச்சம் என்று போட்டிருந்ததாம். புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்து, பொட்டுத் தூக்கமில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, அலமாரி உச்சியில் ஓட்டல்காரர்கள் வைத்திருந்த தட்டைக் காட்டினாள். "அக்கா, அந்த வாயப்பயத்த எடுத்துக் குடுக்கச் சொல்லுக்கா."

வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளை. அங்கே ழகரம் யகரமாகிவிடும். கிழவி கெயவி, மழை மயை, பழம் பயம். நம் வாயில் வல்லினமாகப் புறப்படும் பகரமும் டென்மார்க்காரர்கள் காதில் மெலிந்துதான் விழுகிறது. தாளில் பழத்துக்கு நான் அடித்திருந்தது திருவல்லிக்கேணியில் என் அப்பா சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு. அந்தப் பெண்ணின் வாய்க்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. நான் அவளுக்காக அடித்த தாளும் இல்லை அது. வா, உட்கார், அழாதே என்று பெரியவர்கள் சொல்ல வேண்டியவை மேலே இருந்தன. பிள்ளை சொல்லக்கூடியவை கீழே, இடம் மிச்சமிருந்ததால் வந்தவை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தேன். தத்துச் சட்டத்தின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அந்த முதல் அரைமணி நேரத்தின் வரலாறு. முன்பின் தெரியாத இரண்டு பேரும், விவரம் தெரிந்த ஒரு பிள்ளையும் ஓர் அறையில் முதன்முதலாகச் சந்திக்கிறார்களே, அந்த அரைமணி.

நம்முடைய பழைய சுவீகாரத்தில் அப்படி ஒரு சந்திப்பே கிடையாது. தர்ம சாஸ்திர வழக்கப்படி தத்து என்றால் ஆண் பிள்ளை, பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளை. அண்ணன் மகனோ தம்பி மகனோ இருந்தால் அவனுக்குத்தான் முதலிடம். திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தவன், பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மகனாகப் போவான். பெற்றவர் கையால் கொடுக்க, ஏற்பவர் கையால் வாங்க வேண்டும். 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. தத்த ஹோமம் கட்டாயமில்லை என்றது. ஆனால் கொடுத்து வாங்கும் அந்தச் செயலை விடவில்லை. இன்றைக்கும் அந்தச் சட்டப்படி அது இல்லாமல் தத்து செல்லாது. முதல் சந்திப்பைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. தெரிந்த பிள்ளைக்கு எதற்கு அறிமுகம்?

தெரியாத பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்பும் வழக்கத்துக்கு வேறு பூர்வீகம். நியூயார்க்கில் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார் 1853-ல் ஒரு குழந்தைகள் உதவிச் சங்கம் ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே தெருப்பிள்ளைகளை ரயிலேற்றி மிஷிகன் மாநிலத்தின் டோவாஜியாக் என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். 1929 வரை ஓடிய அந்த 'அநாதை ரயில்'களில் மேற்கே போனவர்கள் இரண்டு லட்சம் பேர் இருப்பார்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்திலோ சர்ச்சிலோ நாடகக் கொட்டகை மேடையிலோ பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள். வயல் வேலைக்கு ஆகுமா என்று கைச்சதையைப் பிடித்துப் பார்த்தவர்களும், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தவர்களும் உண்டு. எடுபடாத பிள்ளை மறுபடி ரயிலேறி அடுத்த ஊர் மேடையில் நிற்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஹோம் வராந்தாதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டக் கூடாது என்பதில் எங்கள் பெரியம்மா கறாராக இருந்தார். அப்படித்தான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம், ஹோமை நடத்தியவரை. ஆனால் வாசலில் டாக்ஸி வந்து நின்றால், யாரும் சொல்லாமலே பெரிய பிள்ளைகள் குழாயடிக்கு ஓடிப்போய் முகம் கழுவி, குட்டிக்குரா பவுடர் அப்பிக்கொண்டு, வராந்தாவில் தாங்களாகவே வரிசை கட்டி நிற்பார்கள். அன்றைக்கு வந்தவர் கேஸ் டெலிவரிக்கு வந்தவராக இருந்தாலும்.

கடல் தாண்டிய வரிசைகள் பின்னால் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஃபின்லாந்து சுமார் 70,000 குழந்தைகளை ஸ்வீடனுக்கு அனுப்பியது, கழுத்தில் பெயர்ச்சீட்டைக் கட்டி. தத்தாக அல்ல, பாதுகாப்புக்காக. போர் முடிந்து திரும்பிய பலருக்கு ஃபின்னிஷ் மறந்துவிட்டது. பெற்ற தாயோடு பேச மொழியில்லை. திரும்பாமலே ஸ்வீடனில் தங்கிவிட்டவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. 1955-ல் ஆரிகன் மாநிலத்து விவசாயி ஹாரி ஹோல்ட், அமெரிக்கக் காங்கிரஸில் தனிச்சட்டம் போடவைத்து, கொரியப் போரில் அநாதையான எட்டுக் குழந்தைகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து தொடங்கிய பாதையில் கொரியாவிலிருந்து மட்டும் இரண்டு லட்சம் குழந்தைகள் வெளிநாடு போனதாகச் சொல்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு முதல் சந்திப்பு நடந்த இடம் விமான நிலைய வருகைக் கூடம். கூட வந்த எஸ்கார்ட் பெயர்ச்சீட்டைப் பார்த்து, பிள்ளையைப் பெற்றோர் கையில் ஒப்படைப்பார். சுற்றிலும் கேமரா, பலூன், உறவுக்கூட்டம். பதினெட்டு மணி நேரம் பறந்து, இன்னும் ஒன்றுக்குக்கூடப் போகாத பிள்ளை நடுவில் நிற்கும்.

மெட்ராஸிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. வெளிநாட்டுக்காரருக்கு இந்தியக் குழந்தையைத் தத்துக் கொடுக்க நேரடிச் சட்டம் இல்லை. இந்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். அதனால் 1890-ஆம் வருஷத்துக் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் மனுப்போட்டு, அவர்களைக் கார்டியனாக்கி, தத்தெடுப்பை அவர்கள் நாட்டில் போய் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பிள்ளை தத்துப் பிள்ளையாக அல்ல, அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட வார்டாகத்தான் விமானம் ஏறும். கைக்குழந்தைகளை எஸ்கார்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். பெரிய பிள்ளை என்றால் பெற்றோரில் ஒருவராவது வந்துதான் ஆகவேண்டும் என்பது பெரியம்மா போட்ட விதி. "பார்சலா அனுப்பறதுக்கு அது மூட்டை இல்ல" என்பார்.

1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் முறைகேடு நடக்கிறது, பிள்ளைகள் தூர தேசங்களுக்குப் போய்ச் சீரழிகிறார்கள் என்பது புகார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்புதான் இருபது வருஷத்துக்கு எங்களுக்கு வேதம். அந்நிய நாட்டவர் நேரடியாக மனுப்போட முடியாது, அவர்கள் நாட்டு அரசு அங்கீகரித்த ஏஜென்சி மூலம் வரவேண்டும். அவர்களைப் பற்றி ஹோம் ஸ்டடி, பிள்ளையைப் பற்றி சைல்டு ஸ்டடி வேண்டும். முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும். மூன்று வயதுக்குள் கொடுப்பது நல்லது. ஏழு வயது தாண்டிய பிள்ளையையும் கொடுக்கலாம், ஆனால் விருப்பம் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால் அதன் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும்.

எங்கள் கோணத்தில் அந்தக் கடைசி வரிதான் பெரிய செய்தி. பிள்ளையையும் கேட்க வேண்டும் என்று முதன்முதலாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஏழு வயது என்று யாருக்குத் தெரியும்? சென்ட்ரல் ஸ்டேஷனில் கிடைத்த பிள்ளைக்குப் பிறந்த தேதி ஏது? டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார். முன்பல் விழுந்து முளைத்திருக்கிறதா, கடைவாய்ப்பல் வந்துவிட்டதா என்று பார்த்து, 'சுமார் ஆறு' அல்லது 'சுமார் ஏழு' என்று எழுதுவார். ஃபைலுக்கு ஒரு தேதி வேண்டுமே என்று நான் ஏதோ ஒன்றை அடிப்பேன். இன்றைக்கு ஐரோப்பாவில் எத்தனை பேர் நான் அடித்த தேதியில் கேக் வெட்டுகிறார்களோ! அந்தப் பல்லை நம்பித்தான், பிள்ளையைக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதும் முடிவாயிற்று.

கேட்டது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்டவள் நான். 1986-ல் ஒரு பையன். நீதிபதி தன் அறையில், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளை மிரளாதபடி மிக அன்பாகத்தான் ஆங்கிலத்தில் கேட்டார்: இவர்களோடு போய் இவர்கள் பிள்ளையாக வாழ உனக்கு விருப்பமா? நான் குனிந்து பையனிடம் சொன்னேன்: "இவங்களோட ஏரோப்பிளேன்ல போறியா கண்ணு?" அவன் "ம்" என்றான். நீதிபதி எழுதிக்கொண்டார். எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி கேட்டதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நான் கேட்டது விமானத்தைப் பற்றி. விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்கிற எட்டு வயதுப் பையன் எங்கே இருக்கிறான்?

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே சில பழக்கங்களை உண்டாக்கிக்கொண்டோம். எந்த உத்தரவிலும் அவை இல்லை. முதலாவது ஆல்பம். பெற்றோர் வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு சின்ன ஆல்பத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னோம். அப்பா, அம்மா, வீடு, பிள்ளை படுக்கப்போகும் கட்டில், நாய் இருந்தால் நாய். தினமும் சாயங்காலம் ஆயாம்மா மடியில் வைத்துக்கொண்டு காட்டுவார். பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியாது. ஒரு பையன் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கவலையோடு சொன்னான்: "ஒரு ரூம்லகூட ஃபேன் இல்லையே ஆயா, வெந்துபூடுவாங்களே." இன்னொரு பெண் ஒவ்வொரு படத்திலும் மனிதர்களின் பாதத்தையே பார்த்தாள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் அங்கே சாமி இல்லையா என்பது அவள் சந்தேகம்.

இரண்டாவது, அவசரப்படாமை. பார்த்த அன்றே கூட்டிப்போவதை நிறுத்தினோம். முதல் நாள் ஹோமிலேயே ஒரு மணி நேரம். மறுநாள் சாப்பாட்டு வேளையில். மூன்றாம் நாள் மெரினா வரை போய்வருவது, ஆயாம்மாவும் கூட. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோதான் ஓட்டல். கட்டிப்பிடிக்காதீர்கள், பிள்ளை வந்து தொடும்வரை காத்திருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது என் வேலை. இரண்டு வருஷம் காத்திருந்து, ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவர்களிடம் அதைச் சொல்வது லேசில்லை.

மூன்றாவது, பட்டியல். பழம் பயமான அன்றே, ஹோமில் மிச்சமிருந்த பழைய தாள்களைக் கிழித்துவிட்டேன். அதன்பிறகு பிள்ளைக்குப் பிள்ளை தனிப் பட்டியல்தான். பிள்ளையையே கேட்பேன்: "அவங்களுக்கு என்னென்ன வார்த்தை தெரிஞ்சிருக்கணும்?" சொல்வதை அப்படியே, அந்தப் பிள்ளையின் வாயில் வருகிற மாதிரியே எழுதுவேன். பயம் என்றால் பயம், அடைப்பில் வாழைப்பழம். ஆச்சரியம் என்னவென்றால், வா, போ, உட்கார் என்று எந்தப் பிள்ளையும் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவை: லைட்ட அணைக்காதீங்க. கதவத் தொறந்து வையுங்க. காரம் இல்ல. என் தங்கச்சி. ஒரு பெண் 'ரசம்' என்று மட்டும் ஏழு தடவை எழுதச் சொன்னாள்.

உலகமும் அந்தப் பக்கம் மெல்ல நகர்ந்தது. 1990-ல் டெல்லியில் மத்திய தத்து வள நிறுவனம் வந்தது, காரா என்போம். 1993 மே 29 அன்று ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய உடன்படிக்கை உருவானது. பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப விவரம் சொல்லி, ஆலோசனை தந்து, அதன் விருப்பத்தையும் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் வந்தது. இந்தியா 2003-ல் அதை ஏற்றது. ரஷ்யாவில் பத்து வயது நிறைந்த பிள்ளை சம்மதிக்காமல் தத்து செல்லாது. அங்கே பெற்றோர் இரண்டு முறை போகவேண்டும். முதல் பயணம் பிள்ளையைப் பார்க்க, இரண்டாவது கோர்ட்டுக்கு. நடுவில் பல வாரம் இடைவெளி.

நல்ல விதிகள் இருந்தால் போதும் என்று நான் நம்பியிருப்பேன். 2005-ல் எங்கள் ஊரிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. சென்னையின் ஏழைத் தெருக்களில் திருடப்பட்ட பிள்ளைகள், போலிக் காகிதங்களோடு தத்துப் பிள்ளைகளாக வெளிநாடு போயிருந்தது வெளியே வந்தது. அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தைகள். ஹோம் ஸ்டடி, சைல்டு ஸ்டடி, முத்திரை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எங்களிடமும் போலீஸ் வந்து பழைய ஃபைல்களைப் புரட்டியது. ஒவ்வொரு ஃபைலிலும் 'கண்டெடுக்கப்பட்ட இடம்' என்று நான் அடித்திருந்த வரியை நானே மறுபடி வாசித்துப் பார்த்த நாட்கள் அவை. 2010-ல் ரஷ்யாவில் தத்தெடுத்த ஏழு வயதுப் பையனை, வளர்க்க முடியவில்லை என்று கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அமெரிக்காவிலிருந்து தனியாக விமானமேற்றி மாஸ்கோவுக்கே திருப்பி அனுப்பினார் ஒரு பெண். இரண்டு முறை போய்ப் பார்க்கும் விதி இருந்த நாட்டுப் பிள்ளை அவன்.

2007-ல் வாழைப்பழப் பெண் திரும்பி வந்தாள். முப்பதைத் தாண்டியிருந்தாள், கூடக் கணவர். என் பழைய தாள், மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவளுடைய அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். தமிழ் ஒரு சொல்கூட நினைவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குப் போனவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, 2003-ல் ஒரு பிரெஞ்சுக் குழு ஆய்வு வெளியிட்டது. கொரிய மொழியைக் கேட்டபோது அவர்கள் மூளை, அந்த மொழியே அறியாதவர்களின் மூளையைப் போலத்தான் இயங்கியது. ஆனால் 2017-ல் நெதர்லாந்தில் இன்னொரு ஆய்வு: குழந்தையில் அங்கே தத்துப்போன கொரியர்களுக்குப் பெரியவர்களான பின் கொரிய ஒலிகளைச் சொல்லப் பயிற்சி தந்தபோது, மற்ற டச்சுக்காரர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். வார்த்தை போய்விடுகிறது, அது கிடந்த இடம் எங்கோ இருக்கிறது போலும்.

டீ குடித்துக்கொண்டே, முதல் நாளைப் பற்றி ஏதாவது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். பொம்மை நினைவில்லை. வாழைப்பழக் கதை அம்மா சொல்லித்தான் தெரியும். மண்டியிட்ட அம்மாள் நினைவில்லை. ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது என்றாள். புடவை கட்டிய ஒருத்தி கதவைச் சாத்திவிட்டுப் போனது. கதவில் பித்தளைக் கைப்பிடி, அது மேலேபோய்க் கீழே வந்தது. "அது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, வெறுமனே தெரிந்துகொள்ளும் குரல்.

நான்தான் என்றேன். ஏழரை மணி பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்.

இந்த வழக்கமே இப்போது ஓய்ந்துகொண்டிருக்கிறது. 2004-ல் அமெரிக்கா ஒன்றுக்கே சுமார் 23,000 பிள்ளைகள் வந்தார்கள். 2023-ல் 1,275. ரஷ்யா 2013 முதல் அமெரிக்கர்களுக்குக் கொடுப்பதில்லை. நெதர்லாந்து தன் பழைய தத்துகளை ஆராய்ந்து முறைகேடுகளைக் கண்டு, 2021-ல் நிறுத்திவைத்தது. சீனா 2024 செப்டம்பரில் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. கொரியாவின் உண்மை ஆணையம் 2025-ல் அரசின் பொறுப்பைப் பெயர் சொல்லியே எழுதியது. இந்தியாவில் 2015-ஆம் வருஷச் சட்டம் பிள்ளையின் விருப்பத்தைக் கருத வேண்டும் என்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவைக் கலெக்டரே பிறப்பிக்கிறார். கைக்குழந்தைக்கு உள்ளூரிலேயே வரிசை நீண்டு கிடப்பதால், வெளிநாடு போகிறவர்களில் பெரிய பிள்ளைகளும், தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளும்தான் மிகுதி. அதாவது, அந்த அரைமணி நேரம் யாருக்கு மிகக் கடினமோ அவர்கள்.

நான் ஓய்வு பெற்றது 2014-ல். கடைசியாக மொழிபெயர்க்கப் போனது ஒன்பது வயதுப் பையனுக்கு. அதற்குள் வீடியோவில் நாலைந்து தடவை பேசியிருந்தார்கள். பட்டியலை அவனே நோட்டில் எழுதியிருந்தான். பெரிய கோணல் கையெழுத்து, இருபத்துமூன்று சொற்கள். அவற்றில் மூன்றாவது 'வேணாம்'. ஏன் இது மூன்றாவதாக என்று கேட்டேன். "முதல்ல அவங்க பேரு, அப்புறம் என் பேரு. அதுக்கப்புறம் இதுதான ஆன்ட்டி?" என்றான், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தொடவில்லை. பையன் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னால் தலையை ஆட்டி மறுபடி சொல்லவைத்தான். நான் வாயைத் திறந்து உதவப் போன ஒவ்வொரு முறையும் கையைக் காட்டி நிறுத்தினான். ஏழாவது சொல்லோ எட்டாவது சொல்லோ போய்க்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பினான்.

"ஆன்ட்டி, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்களேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கதவைச் சாத்தட்டுமா என்று சைகையில் கேட்டேன். "பாதி" என்றான். உள்ளே அந்த மனிதர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார், பையன் விடாமல் திருத்திக்கொண்டிருந்தான்.

"வெனாம்."

"இல்ல. வே...ணாம்."

"வேணாம்."

"ஆங். அவ்ளோதான்."